கறையே இல்லாத கோட்டு

எங்கள் கடையில் வாடிக்கையாளர் யாருக்கும் பெயர் கிடையாது. பில்லுக்கு நம்பர், எங்கள் பேச்சுக்குக் கறை. சட்டைக் கைமுனையில் தவறாமல் காபி சிந்திக்கொண்டு வருகிறவர் ‘காபி வக்கீல்’. காலரில் உதட்டுச் சாயத்தோடு வருகிற வங்கிக்காரர் ‘சிவப்பு மேனேஜர்’. அது யாருடைய உதடு என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. நிறம் மாறி வந்தால் மட்டும் என்னைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்குவாள், அவ்வளவுதான்.

கீழே கடை, மேலே வீடு. அப்பா ஆவி இஸ்திரியில் நிற்பார். அம்மா பின்கட்டில் கறை எடுப்பாள். நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்கும் வரை என்று கவுண்டரில் உட்கார்ந்தவள். வேலை கிடைக்கவில்லை, கவுண்டர் கிடைத்துவிட்டது. துணி வராத நேரத்தில் குதிரை வண்டிக் காலத்துக் காதல் நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படிப்பேன். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அம்மா அவற்றுக்கு வைத்திருந்த பெயர் ‘தலையணை’.

மைக்காரர் முதல்முறை வந்தபோது சட்டைப் பைக்குக் கீழே ஒரு நீலக் குளமே தேங்கியிருந்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை, கையில் எப்போதும் மைப்பேனா. கறை பட்ட சட்டையை வீட்டில் கண்டால் அம்மா தூக்கி எறிந்துவிடுவார், எனக்கோ இந்தச் சட்டையைப் பிடிக்கும், ஏதாவது செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் அம்மா எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் இன்னொரு சட்டை வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

“ஒரு பேனா இத்தன தடவ ஒழுகாது,” என்றாள் அம்மா, அவர் தெருவைத் தாண்டிய பிறகு. “ஒண்ணு பேனாவுக்கு வியாதி, இல்ல ஆளுக்கு.”

வியாதி ஆளுக்குத்தான் என்பது எனக்கு முன்பே தெரியும். ஒருநாள் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். கவுண்டரில் கவிழ்த்து வைத்திருந்த நாவலைக் காட்டி, என்ன கதை என்றார்.

“பணக்காரன் ஒருத்தன், பணமில்லாத ஒருத்தி, நடுவுல நானூறு பக்கம்.”

“கடைசியில?”

“யாருன்னே தெரியாத பெரியப்பா ஒருத்தர் செத்துப்போவாரு. சொத்தெல்லாம் இவளுக்கு வரும். அதுக்கப்புறம் அவன் வீட்ல எல்லாருக்கும் திடீர்னு இவள ரொம்பப் பிடிச்சிடும்.”

“உங்களுக்கு அந்த மாதிரிப் பெரியப்பா இருக்காரா?”

“இருக்காரு. அவருக்கும் எங்கப்பாதான் ஓசியில துணி தேச்சுக் குடுக்கறாரு.”

அவர் சிரித்த சிரிப்பில் இஸ்திரி மேசையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. நான் படித்து முடித்த தலையணையை அவர் வாங்கிக்கொண்டு போவார். திருப்பித் தரும்போது கதாநாயகன் ஒரு மண்டு என்பார், நான் கதாநாயகிதான் மண்டு என்பேன். மழைக்காலம் முழுக்க இந்த வழக்கு நடந்தது. அது முடிவதற்குள் நாங்கள் இருவரும் கட்சி மாறிக் கட்சி மாறி, கடைசியில் ஒரே பக்கம் வந்து சேர்ந்திருந்தோம்.

அவர் வீடு எது என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஊரில் பாதிக் கட்டடங்களுக்குச் சிமெண்ட் தருகிற குடும்பம், அவருடைய அம்மா வழி. மேட்டுத் தெருவில் வளைந்து ஏறும் கார்ப்பாதையும் பெரிய தூண்களும் கொண்ட அந்த வெள்ளை வீட்டைப் பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதன் திரைச்சீலைகளை யார் வெளுக்கிறார்களோ என்று யோசித்திருக்கிறேனே தவிர, அதற்குள் மனிதர்கள் இருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

அவர் தன் வீட்டில் எங்கள் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அம்மா உடனே மறுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பெண்ணையும் பெற்றவர்களையும் கூப்பிடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அப்பாவோ எங்கள் கடை எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டாராம். சொன்னதும் முகம் மாறி, எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாராம்.

“அப்பாவுக்குப் பிடிக்கலை போல,” என்றார் மைக்காரர். “பரவாயில்ல. அவங்க என்ன சொன்னாலும் நான் உன்னத்தான் கட்டிக்குவேன்.”

நாவல்களில் இந்த இடத்தில் கதாநாயகி அழுவாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்க அப்பா அம்மா தலை நிமிர்ந்து வந்து போக முடியாத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. அவர்கள் வாசலில் தயங்கி நிற்பதை ஆயுசு முழுக்க என்னால் பார்க்க முடியாது, அதனால் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது, முகம் வாடிப்போனது. ஆக, எல்லாம் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்து நின்றது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. துணியைப் பற்றித்தான் கவலை. குளிர் தொடங்கிவிட்டது. அப்பாவிடம் குளிருக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்வெட்டர். வெளுப்பு மருந்து தெறித்து, மார்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சட்டையும் கால்சட்டையும் பிரமாதமாக இருந்தன, அவரே தேய்த்தவை. ஆனால் அந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் வெறும் சட்டையோடு போனால் அது எளிமை ஆகாது, இல்லாமை என்றுதான் தெரியும் என்று அம்மா சொன்னாள்.

பிறகு அவள் கண் கடையின் பின்சுவரை ஒட்டிய கம்பியில் போய் நின்றது.

அந்தக் கம்பியில் தொங்குபவை வாங்க ஆள் வராத துணிகள். ஆறு மாதத்துக்குப் பிறகு கடை பொறுப்பல்ல என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. மற்ற கடைக்காரர்கள் விற்றுவிடுவார்கள். அப்பா விற்கமாட்டார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, தூசு தட்டி, பூச்சி மருந்துப் பொட்டலம் மாற்றி மறுபடி மாட்டுவார். எங்கள் வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வாடிக்கையாளர் துணி நம் உடம்பில் ஏறக்கூடாது. சின்ன வயதில் ஒருமுறை யாரோ ஒரு பெண்ணின் ஜரிகைச் சால்வையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்ததற்கு, அவர் என்னைத் திட்டவில்லை. அன்று முழுவதும் பேசவில்லை.

அந்தக் கம்பியில் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கரும்பழுப்புக் கம்பளிக் கோட்டு தொங்கியது. நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. கொண்டுவந்தவருக்கு அப்பா வைத்திருந்த பெயர் ‘கறையில்லாதவர்’. புதுக் கருக்குப் போகாத கோட்டை, ஒரு பொட்டுக் கறைகூட இல்லாமல், வெளுக்கக் கொடுத்துவிட்டுப் போனவர். எதற்காகக் கொடுத்தார் என்று அப்பா இத்தனை வருஷமும் அவ்வப்போது யோசிப்பார். கறை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பித்தானைத்தான். மற்றவை தையற்காரர் கையால் தைத்தவை. அந்த ஒன்று மட்டும் வேறு நூலில், கன்னாபின்னாவென்று சுற்றித் தைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கோட்டை ஒரே ஒரு மதியம் போட்டுக்கொண்டால் என்ன என்று அம்மா கேட்டாள். அப்பா காது கேட்காதவர் போல இஸ்திரியை அழுத்தினார். அம்மா விடவில்லை. அந்த மனிதர் இனி வரப்போவதில்லை என்றாள், வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரப்போவதில்லை என்றாள். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. சனிக்கிழமை நான் அந்த ஸ்வெட்டரை எடுத்து, புள்ளிகளை மறைக்க மேலே என் சால்வையை எப்படிப் போர்த்தலாம் என்று மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அதைக் கவனித்திருக்கிறார். போய்க் கம்பியிலிருந்து கோட்டை இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல், “ஒரு வேளைதான்,” என்றார்.

கோட்டு அவருக்குத் தைத்தது போலவே பொருந்தியது. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

*

வெள்ளை வீட்டின் கதவைத் திறந்தவர் மைக்காரரின் அப்பா. மெலிந்த, அமைதியான மனிதர். புன்னகையோடுதான் திறந்தார். அப்பாவைப் பார்த்ததும் அந்தப் புன்னகை பாதியில் நின்றுவிட்டது. வாங்க என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மைக்காரர் சொன்னது சரிதான், இவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை.

மைக்காரரின் அம்மா வேறு மாதிரி. உயரமாக, நிமிர்ந்து, எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுகிறவர். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, எங்கள் கடையைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். அம்மாவுக்குப் பதற்றம் வந்தால் தொழில் பேச்சு வந்துவிடும். திரைச்சீலைகளை அண்ணாந்து பார்த்து, நனைந்தால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை இருக்கும் மேடம் என்றாள். அந்த அம்மா ஒரு கணம் விழித்துவிட்டு, இருக்கலாம் என்றார்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுங்கள், மாட்டிவைக்கிறேன் என்று அந்த அம்மா கை நீட்டினார். அப்பா இருக்கட்டும் மேடம் என்று இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர் துணியை அடுத்தவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லாதவர். பிடுங்க வந்தவரிடமிருந்து காப்பாற்றுவது போலத்தான் பார்க்கிறவர்களுக்கு இருந்திருக்கும்.

சாப்பாட்டு மேசையில்தான் விபரீதம் ஆரம்பித்தது.

முதலில் தக்காளி சூப் வந்தது. அப்பா அதைப் பார்த்தார். மற்றவர்களுக்கு அது சூப். அவருக்கு, கம்பளியில் விழுந்தால் உடனே குளிர்ந்த தண்ணீர், சோப்பு கூடாது, காய்ந்துவிட்டால் போனது போனதுதான். வேண்டாம் மேடம் என்றார். அடுத்து வேகவைத்த பீட்ரூட் வந்தது. அப்பா நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். எண்ணெய் மினுங்கும் கோழி வந்தது, வேண்டாம். மாதுளைச் சாறு கண்ணாடிக் குவளையில் வந்தபோது, மூடியில்லாத அமிலப் புட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஹேங்கரில் மாட்டிய மாதிரி விறைப்பாக உட்கார்ந்து, ஒரு துண்டு ரொட்டியை எதிலும் தொட்டுக்கொள்ளாமல், தட்டுக்கு நேராகக் குனிந்து, உதிர்ந்த தூளைக்கூட உள்ளங்கையில் ஏந்தித் தின்றார்.

அம்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். பயனில்லை. மைக்காரர் ஏதேதோ பேச்சை இழுத்துப் பார்த்தார். அவருடைய அப்பாவும் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகம் ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது.

“எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கலை போலிருக்கு.”

“அய்யோ இல்லங்க மேடம். ரொம்ப நல்லா இருக்கு.”

“வாயில வெக்காமயே தெரியுதா?”

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“நான் சுத்தி வளச்சுப் பேசறவ இல்ல. எங்களுக்கு வசதி எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு. அதுக்காக யார்கிட்டயும் நான் வெக்கப்பட முடியாது. ஒழச்சுச் சாப்பிடறவங்கன்னு உங்கமேல மரியாத வெச்சுத்தான் கூப்பிட்டேன். வந்து உக்காந்துட்டு, இவங்க சோத்தத் தொட்டாப் பாவம்ங்கற மாதிரி ஒதுங்கினா, அதுக்கு நான் என்ன அர்த்தம் பண்ணிக்கறது?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மா எங்களைக் கேவலமாக நினைக்கவில்லை. நாங்கள் அவரைக் கேவலமாக நினைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு வாக்கியத்தில் அவர் எழுந்துவிடுவார். எழுந்தால் எல்லாம் முடிந்தது.

மைக்காரரைப் பார்த்தேன். பேருந்தில் வரும்போதே கோட்டு விஷயத்தை அவருக்கு போனில் சொல்லிவிட்டிருந்தேன். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். சொன்னால் அப்பாவின் மானம் போகும், சொல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் போகும். ஆனால் சொல்லாமல் இந்த வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா இரவல் கோட்டில் வந்து காய்ந்த ரொட்டி தின்பார்.

“அது எங்க அப்பாவோட கோட்டு இல்ல,” என்றேன்.

அம்மாவின் கை என் கையைத் தேடி வந்து இறுக்கியது.

“அப்பாகிட்ட நல்ல கோட்டு கிடையாது. இது கஸ்டமர் துணி. எங்க கடையில கஸ்டமர் துணிய யாரும் உடம்புல போடக்கூடாதுன்னு சட்டம் வெச்சதே அவர்தான். எனக்காகப் போட்டுக்கிட்டாரு. அதுல எதாவது சிந்திடுமோன்னு பயந்துக்கிட்டுதான் எதையும் தொடல. உங்க சாப்பாட்டுமேல எந்தக் குறையும் இல்லீங்க.”

அப்பா மெல்ல எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. ஆனால் ஆவி இஸ்திரியைத் திறந்தவுடன் வருமே ஒரு பெருமூச்சு, அது அவரிடமிருந்து வந்தது.

“பொண்ணு சொல்றது நெசம் மேடம். தப்புதான்.”

“யாரோட கோட்டு?” என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. புரியாமல் கேட்டார்.

“பேரு தெரியாதுங்க. ரொம்ப வருஷம் ஆச்சு. கறையே இல்லாத கோட்டக் கொண்டாந்து வெளுக்கணும்னு குடுத்தாரு. திரும்ப வரவே இல்ல.”

மேசையின் மறுகோடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அது என்னோடது,” என்றார் மைக்காரரின் அப்பா.

கதவைத் திறந்த கணத்திலிருந்து அவரைப் பிடித்திருந்தது வெறுப்பு அல்ல என்று எனக்கு அப்போது தெரிந்தது. பயம். பள்ளிக்கூடத்தில் அகப்பட்டுக்கொண்ட பையனின் பயம். எங்கள் தெருவைக் கேட்டவுடனேயே ஆரம்பித்த பயம்.

அந்த அம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அப்பாவின் முன்னால் நின்று, கோட்டின் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கோணல் பித்தானில் விரலை வைத்தார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரயில்ல திருடு போயிடுச்சுன்னு சொன்னீங்க,” என்றார் கணவரைத் திரும்பிப் பார்க்காமல்.

“சொன்னேன்.”

“எங்கப்பா குடுத்தது.”

“அதனாலதான்.”

பிறகு அவர் சொன்னதை எல்லாம் தலை குனிந்து, மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். அவர் இந்த அம்மாவின் அப்பாவிடம் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவர். முதலாளி மகளும் குமாஸ்தாவும் விரும்பி, பெரிய ரகளைக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. முதல் குளிர்காலத்தில் மாமனார் இந்தக் கோட்டைத் தைத்து, வீட்டில் எல்லோரும் பார்க்கக் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு வா, அப்போதுதான் வாசலில் நிறுத்தமாட்டார்கள் என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மாமனார்கூடக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றார் இவர்.

“வாசல்ல இருக்கற வாட்ச்மேன் இந்தக் கோட்டுக்குத்தான் வணக்கம் வெப்பான். ஒருநாள் இது இல்லாம வந்தேன், யாரப் பாக்கணும்னு கேட்டான். போடவும் முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல, அப்படி வளரல நான். ஊருக்கு அந்தப் பக்கம் போயி ஒரு கடையில குடுத்தேன். பத்திரமாத்தான் இருக்கும்னு தோணுச்சு.”

“பத்திரமாத்தாங்க இருந்துச்சு,” என்றார் அப்பா, தன்னையறியாமல்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார் அந்த அம்மா.

“உங்க அப்பாவப் பத்தி உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

அந்த அம்மா பித்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. “இது அறுந்து போச்சு, ஞாபகம் இருக்கா? நான்தான் தெச்சேன்.”

“நீயா? தையக்காரர் தெச்சதுன்னு நெனச்சேன்.”

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. ஒரு மத்தியானம் பூரா உக்காந்து, விரலெல்லாம் குத்திக்கிட்டு தெச்சேன். நீங்க பாத்துக் கண்டுபிடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரமே திருடு போச்சுன்னு வந்து நின்னீங்க.”

யாராவது எதையாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொன்னவர் என் அப்பா.

“தையக்காரர் தெச்சதில்லன்னு பாத்தாலே தெரியுங்க மேடம். இவ்வளவு மோசமா எந்தத் தையக்காரரும் தைக்க மாட்டாரு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா அப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு மற்றது என்று பிரிக்க முடியாது. மைக்காரர் முதலில் சேர்ந்துகொண்டார், பிறகு அவர் அப்பா, அதற்குப் பிறகு நாங்கள்.

“முதல்ல அதக் கழட்டுங்க,” என்றார் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. கணவர் பக்கம் திரும்பி, “உங்ககிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்,” என்றார். அந்தப் பேச்சுக்கு அவர் பயந்தவராகத் தெரியவில்லை.

அப்பா கோட்டைக் கழற்றினார். கடையில் செய்வது போலவே தோளை உதறி, உள்பக்கம் வெளியே வர மடித்து, கையில் ஏந்திக்கொண்டு உரியவரிடம் போய் நீட்டினார். “சார், உங்க துணி.” அத்தனை வருஷப் பாரம் அவர் தோளிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். வாங்கிக்கொண்டவர் ரொம்ப நன்றி என்றார். அதோடு நிற்காமல், இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளைச் சட்டையோடு அப்பா திரும்ப உட்கார்ந்தார். சூப் சூடாக மறுபடி வந்தது. அப்பா சாப்பிட ஆரம்பித்தார். காலையிலிருந்து பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடாதவர் வேறு. சூப்பைக் குடித்து, கோழியை ஒரு கை பார்த்து, மாதுளைச் சாற்றை ஒரே மூச்சில் முடித்தார். அம்மாவுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “சூப்ப நீங்க வேண்டாம்னப்பவே நான் மனசுக்குள்ள முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன். திமிர் பிடிச்சவங்கன்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பொய் சொல்லக்கூடாது. சலவைக்கடைன்னு கேட்டப்ப ஒரு சுணக்கம் வந்துச்சுதான். எங்கப்பா வீட்ல வளந்தவதானே நானும்.”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பீட்ரூட் கிண்ணம் மைக்காரர் பக்கத்தில் இருந்தது. அதைக் கண்ணால் காட்டி, மகனிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“சம்பந்திக்கு இன்னும் கொஞ்சம் வைடா.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் பட்டு ஒலித்தது. மைக்காரர் கிண்ணத்தைத் தூக்கியவர், எங்கே வைக்கவேண்டும் என்பதை மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையணை நாவல்களில் இந்த இடத்துக்கு ஒரு பக்கம் வர்ணனை வரும். இங்கே அவர் கிண்ணத்தைச் சாய்த்துவிட, மேசை விரிப்பில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அம்மா உப்பு எங்கே என்றாள். அப்பா தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க என்றார். அந்த அம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. விரிப்பு பிழைத்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போனபோது அந்த அம்மா பின்னால் வந்தார். நீ சொல்லாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். இந்த வீட்டுக்கு வந்திருக்கமாட்டேன் மேடம் என்றேன். உன் இடத்தில் இருந்திருந்தால் எனக்குச் சொல்லத் தைரியம் வந்திருக்காது என்றார். பிறகு, “இன்னும் என்ன மேடம்?” என்று ஒரு அதட்டல். அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். முதல்முறை வாயில் சரியாக உட்காரவில்லை. இரண்டாவது முறை பரவாயில்லை.

*

காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னார்கள். அப்பா பேருந்திலேயே போகிறோம் என்றுவிட்டார். மறுப்பில் இப்போது விறைப்பு இல்லை. அவருக்கு நடக்கவேண்டும் போல இருந்திருக்கிறது. மைக்காரர் நிறுத்தம் வரை வந்தார். கை கோத்துக்கொண்டு நாங்கள் பின்தங்கினோம். அப்பா ஒவ்வொரு கடை ஜன்னலையும் மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டே முன்னால் போனார். அவற்றில் பாதிக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடியிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவாகியிருந்தது. அதைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அம்மா முழுசாக உணர்ந்தாள்.

“ஏங்க, உக்கார வெக்க நாற்காலி?”

எங்கள் வீட்டில் மூன்று நாற்காலிகள் உண்டு, மூன்றும் மூன்று உயரம். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“பக்கத்து சலூன்ல கேட்டா ரெண்டு குடுப்பான். ஞாயித்துக்கிழம மத்தியானம் அவனுக்கும் லீவுதான்.”

“சுத்தற நாற்காலியா? அந்தம்மாவக் கூட்டிட்டு வந்து சுத்தற நாற்காலியில உக்கார வெப்பீங்களா?”

எனக்குள் அடைத்துக்கிடந்தது அப்போதுதான் உடைந்தது. சிரிக்க ஆரம்பித்தேன். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார், நடத்துநர் பார்த்தார், நிறுத்த முடியவில்லை. அம்மா என் தொடையில் ஓர் அடி வைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி விஷயத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அந்தம்மாவுக்கு எப்படின்னு தெரியல,” என்றார் கடைசியில். “ஆனா கறையில்லாதவருக்குப் பிடிக்கும்.”